திகைப்பூண்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்

ஊரோர நரிப்பொத்தைக் குன்றின் கடைசிப் பாறையையும் உடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை, வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போயிருந்த மாடத்தி, எட்டு மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில் பொழுது சாயும் முன்பே ஊருக்குத் திரும்பி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தன் தெருவுக்குள் திரும்பி, தன் வீட்டு வாசலில் கால் வைத்து உள்ளே நுழைந்தபோது, அது ஊர்த்தலைவர் சங்கரபாண்டியனின் வீடாக இருந்தது.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தலைவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மாடத்தி, இந்தப் பக்கம்?"

"எங்க வீட்டுக்குத்தான் வந்தேன்" என்றாள் மாடத்தி.

வெளியே போய்த் தெரு முனையிலிருந்து மறுபடியும் நடந்தாள். இந்தத் தடவை தையல்காரர் வீட்டுக்குள் நின்றாள். மூன்றாவது தடவை தபால்காரர் வீடு. அவளுக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துபோயிருந்தது. அதே நேரத்தில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய சங்கரபாண்டியன், தன் வீடென்று நினைத்து மாடத்தியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தூளியை ஆட்டிக் களைத்துப்போயிருந்த ஏழு வயது அக்காக்காரியிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று ஊருக்கு வெளியே போய்த் திரும்பிய நூற்றுப் பதினாறு பேரில் ஒருவர்கூடத் தன் வீடு போய்ச் சேரவில்லை.

யாருக்கும் எதுவும் மறந்துபோகவில்லை. அவரவர் பெயர், வீட்டுக் கதவின் நிறம், முற்றத்து முருங்கை, உலை வைக்கிற அடுப்பு எல்லாம் நினைவில் துல்லியமாக இருந்தன. ஊர் எல்லையை ஒருமுறை தாண்டிவிட்டு வந்தவருக்கு எந்த வீட்டுக்கும் வழி தெரிந்தது, தன் வீட்டுக்கு மட்டும் வழி இல்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் கூட்டிப் போனவரும் சேர்ந்து தவறினார். பஸ் நிறுத்தத்திலிருந்து தன் வீட்டுத் தூண் வரைக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போன தையல்காரர், கயிற்றின் நுனி கையில் இருக்க அடுத்த தெருவில் பெட்டிக்கடைக்காரர் வீட்டுக் கொல்லையில் போய் நின்றார். வீடுதான் வரவில்லை, வீட்டு ஆட்களாவது வரட்டும் என்று மாடத்தியின் குழந்தையைத் தலைவர் தோளில் போட்டுக்கொண்டு மாடத்தி காத்திருந்த அடிபம்புக்கு நடந்தார். நாற்பது எட்டில் வர வேண்டிய அடிபம்பு வரவில்லை, குளத்தங்கரை வந்தது. திரும்பி நடந்தார், பள்ளிக்கூடம் வந்தது. வெயிலில் குழந்தை அழுது முகம் சிவந்துபோகவே கொண்டுபோய்த் தூளியில் போட்டுவிட்டார். வீட்டில் இருந்தவர்கள் தங்கள் ஆளைத் தாங்களாகத் தேடிக் கிளம்பினாலும் வழி இப்படித்தான் விலகியது. அன்றைக்கு அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தது, தபால்காரரின் மருமகள்.

திகைப்பூண்டை மிதித்துவிட்டோம் என்றுதான் ஊர் சொன்னது. காட்டுவழியில் அந்தப் பூண்டை மிதித்தவனுக்குத் திசை தெரியாமல் போய்விடும், சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருப்பான் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அது எப்படி இருக்கும், இலை என்ன வடிவம், பூக்குமா என்று சொல்லத்தான் ஆள் இல்லை, ஏனென்றால் அதை மிதித்தவர்கள் திரும்பி வந்து சொன்னதில்லை. பொத்தை இருந்த இடம் இப்போது பெரிய பள்ளமாகக் கிடந்தது. அதன் கரையில் பச்சையாக என்னென்னவோ முளைத்திருந்தன. எதைப் பிடுங்குவது?

ஒரு மாதம் வரை அழுகையும் சண்டையும் இருந்தன. அப்புறம் பசி இருந்தது, காட்டு வேலை இருந்தது, பஸ் வந்துபோய்க்கொண்டிருந்தது. ஆகவே ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. எந்த வீட்டிலும் பூட்டு இல்லை. எந்த வீட்டுப் பானையிலும் இத்தனை பேருக்கென்று அரிசி போடுவதில்லை, வருகிறவர்களுக்கென்று போட்டார்கள். வாசற்படியில் யார் வந்து நின்றாலும் "இன்னைக்கு நீங்களா, கை கழுவுங்க" என்றார்கள். ஆண்கள் வெளியே கட்டிலில் படுத்தார்கள், பெண்கள் உள்ளே படுத்தார்கள். வேட்டியும் சேலையும் கொடியில் தொங்கின, அளவுக்குச் சரியானதை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். காலையில் அடிபம்பில் கூடி ஒருவர் வீட்டுச் சேதியை இன்னொருவர் சொன்னார்கள்: உம்ம மகனுக்குப் பல் விழுந்துட்டு, நான்தான் கூரை மேல எறிஞ்சேன். ஒங்க அம்மைக்குக் கண்ணுல புரை இறங்கியிருக்கு, சொட்டு மருந்து போடுதோம். கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டார். குடத்தை எடுத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போனார்.

ஊர் எல்லையைத் தாண்டாமல் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கைக்குழந்தைகள், படுத்த படுக்கையானவர்கள், பிறகு ஆவுடையம்மாள் டீச்சர்.

பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருந்ததால் டீச்சருக்கு வெளியே போக வேண்டிய அவசியம் வரவில்லை. வந்தாலும் போகக் கூடாது என்று அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாளே முடிவெடுத்துவிட்டாள். அவளுடைய கணவர் குற்றாலலிங்கம் கட்டிலில் கிடந்தார். பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போய்விட்டது. வாயிலிருந்து வருவது பேச்சு என்றே மற்றவர்களுக்குத் தெரியாது. ஆவுடைக்கு மட்டும் ஒவ்வொரு சத்தமும் விளங்கியது. "ம்ஹா" என்றால் வெந்நீர். "ழ, ழ" என்றால் முதுகில் அரிப்பு. "ஊவே" என்று இழுத்தால் ஜன்னலைத் திற. பிள்ளைகள் இல்லை. அவள் கையால் ஊட்டினால்தான் சோறு இறங்கும், வேறு யார் ஊட்டினாலும் புரையேறும்.

சங்கரபாண்டியன் மனுக்கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தார். முதல் மனுவைக் காணாமல் போனவர்கள் பிரிவில் போட்டு, காணாமல் போனது யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காணாமல் போனவர் யாரும் இல்லையே, எல்லோரும் ஊரிலேயேதானே இருந்தார்கள். இரண்டாவது மனுவுக்குச் சாலை வசதி ஏற்கெனவே உள்ளது என்று பதில் வந்தது. மூன்றாவதை வாங்கிய குமாஸ்தா, "கம்ப்யூட்டர்ல ஏத்தணும், பெரிய அதிகாரிக்குத் தமிழ் வாசிக்க வராது, உங்க பிரச்சினை என்னன்னு இங்கிலீஷ்ல ஒரே ஒரு வார்த்தையில தலைப்புப் போட்டுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

தலைவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"திகைப்பூண்டு மிதிச்சதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாவ, டீச்சர்?"

"அப்படி ஒரு சொல் இருக்குதா தெரியலையே அண்ணாச்சி. தேடிப் பாக்கேன்."

பள்ளிக்கூட அலமாரியில், எப்போதோ யாரோ கொடுத்துவிட்டுப் போன தடித்த அகராதி ஒன்று, அட்டையைச் செல் அரித்த நிலையில் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பள்ளி விட்டு வந்த நேரமெல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். குழப்பத்துக்குச் சொல் இருந்தது, ஆனால் இது குழப்பம் இல்லை. அதிர்ச்சிக்குச் சொல் இருந்தது, அதைப் போட்டால் கரண்டு அடித்ததா என்று கேட்பார்கள். மயக்கம், மறதி, பிரமை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தவள், ஆறாம் நாள், 'பிவில்டர்' என்ற சொல்லில் நின்றாள்.

திகைக்கச் செய்தல் என்பது அதன் பொருள். கீழே பொடி எழுத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று போட்டிருந்தது. 'வில்டர்' என்ற பழைய சொல்லுக்கு, ஒருவனைப் பாதையில்லாத காட்டுக்குள் கூட்டிப்போய் வழிதவற விடுதல் என்று அர்த்தம். 'பி' என்று முன்னால் சேர்த்தால், முழுக்க, மீள முடியாதபடிக்கு. அந்தக் காட்டைக் குறிக்கும் 'வில்டர்னஸ்' என்ற சொல்லும், மனிதர் குடியிராத, மிருகங்கள் மட்டும் திரிகிற இடம் என்பதிலிருந்து வந்தது. முந்நூறு வருஷத்துக்கும் மேலாகப் புழங்குகிற சொல்.

ஆவுடை அதைத் தமிழில் மாற்றிக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆங்" என்றார். அங்கேயுமா என்று அர்த்தம்.

"அங்கேயுந்தான்" என்றாள் அவள்.

மறுநாள் ஊர் முழுக்க அந்தச் சொல் பரவியது. அடிபம்பில் பெண்கள் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் ஊரிலும் பூண்டு இருந்திருக்கிறது, அவனும் மிதித்திருக்கிறான், மிதித்து நின்ற நிலைக்குப் பெயர்கூட வைத்திருக்கிறான் என்பதில் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்தது. பெயர் இருக்கிற நோய்க்கு மருந்து இருக்கும் என்று தையல்காரர் சொன்னார். மாடத்தி மட்டும் டீச்சரிடம் வந்து கேட்டாள்.

"அவனுக்கு எப்படித் தெளிஞ்சுதாம் டீச்சர்?"

"அது போடலை, மாடத்தி."

"வேற புஸ்தகத்துல போட்டிருப்பானோ?"

ஆவுடை அகராதியை எடுத்து மறுபடியும் விரித்தாள்.

சொல்லைத் தலைப்பாகப் போட்டு டீச்சர் தன் கையால் எழுதிய மனு போனது. பதினைந்தாம் நாள் பதில் வந்தது. மனுவின் பொருள் தெளிவாக இல்லை, எழுதியவர் நேரில் வந்து விளக்க வேண்டும். தலைவர் கடிதத்தை டீச்சரிடம் கொண்டுவந்து நீட்டினார். "போங்கன்னு நான் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றார். "வேண்டாம்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை. எம் பொண்டாட்டியப் பாத்து ஏழு மாசம் ஆச்சு."

அன்று மத்தியானம் ஆவுடை கணவருக்குச் சோறு ஊட்டி, வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள். "போனா நான் திரும்ப இங்க வர முடியாது. தெரியும்லா. அந்த அதிகாரி சொல்லைப் புரிஞ்சுக்கிட்டு ஏதாவது செஞ்சாத்தான் உண்டு. மாடத்தி வந்து ஊட்டுவா. அவ கையால சாப்பிடணும்."

குற்றாலலிங்கம் நல்ல கையான இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தடவை தட்டினார். பஸ்ஸில் அவர் அப்படித்தான் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் வண்டியை எடு.

அவள் போனாள்.

அந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பொத்தை போனதையும், கயிறு கட்டிப் பார்த்ததையும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்ததையும் ஆவுடை சொன்னாள். திகைப்பூண்டைப் பற்றிச் சொன்னாள். ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பிரித்து, பாதையில்லாத காடு அதற்குள் எங்கே இருக்கிறது என்று தாளில் எழுதிக் காட்டினாள். அவர் அதை ஆர்வமாகப் பார்த்தார். இத்தனை வருஷமாக இந்தச் சொல்லை எழுதுகிறேன், இது எனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடிவிட்டு, தனக்கு வந்த தமிழில் சொன்னார்.

"அப்போ, இது மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினை."

"இல்லை சார். அந்தச் சொல் முதல்ல சொன்னது காட்டைத்தான். ஆளை அங்க கொண்டுபோய் விட்டவனையும் சேத்துத்தான் சொன்னது."

"முதல்ல. இப்போ?"

ஆவுடை தாளைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. "இப்ப மனசைத்தான் சொல்லுது" என்றாள்.

"இப்போ இருக்கிற அர்த்தத்துலதான் ஃபைல் போக முடியும், மேடம்" என்றார் அவர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "காடுன்னு எழுதினா, எந்தக் காடு, சர்வே நம்பர் என்னன்னு கேப்பாங்க. பள்ளம்னு எழுதினா, அதுக்கு அனுமதி இருக்கு. மனசுன்னா ஒரு முகாமாவது போடலாம்."

அப்படித்தான் ஊருக்கு மனநல முகாம் வந்தது. இரண்டு நாள் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, பெயர், தேதி, நாட்டின் தலைநகரம் என்று கேட்டார்கள். எல்லோரும் சரியாகவே பதில் சொன்னார்கள். வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்கள் எந்த வீட்டில் இருந்தார்களோ அந்த வீட்டிலேயே நன்றாகத் தூங்கினார்கள். மூன்றாம் வாரம், சிகிச்சை அளிக்கப்பட்டது, மனு முடித்துவைக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. சொல் காட்டிலிருந்து கிளம்பி எப்போதோ மனிதனின் தலைக்குள் குடியேறிவிட்டது. தலைக்குள் இருப்பதற்கு வெளியே யாரும் பொறுப்பில்லை. ஆவுடை அந்தக் கடிதத்தைப் படித்தது, பெட்டிக்கடைக்காரர் வீட்டு முற்றத்தில். அன்று அவள் கால் அவளை அங்கேதான் கொண்டு வந்திருந்தது.

டவுனிலிருந்து திரும்பிய நாளில், தெரிந்தே போனவள்தான் என்றாலும், அவள் பதினேழு தடவை நடந்து பார்த்தாள். பதினேழு வாசல்களில் நின்றாள். பதினெட்டாவது வாசலில் ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொடுத்து, "போதும் டீச்சர், நாங்களும் இப்படித்தான் நடந்தோம்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

குற்றாலலிங்கத்தின் சேதி அடிபம்பில் வந்தது. முதல் நான்கு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மாடத்தி கஞ்சியை ஆற்றிக் கரண்டியை உதட்டில் வைத்துக்கொண்டே அழுதிருக்கிறாள், அதைப் பார்த்து வாயைத் திறந்தார். காட்டு வேலைக்கு நடுவே பெண்கள் முறை வைத்துக்கொள்ள வழியில்லாததால், அன்றைக்கு யாரால் அந்த வீட்டுக்கு வர முடிந்ததோ அவள் ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். ஆனால் அவர் என்ன கேட்கிறார் என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை.

ஆகவே ஆவுடை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவருடைய சத்தங்களை அகர வரிசையில் எழுதி, எதிரே அர்த்தம் எழுதி, மாடத்தியின் கையில் கொடுத்து அனுப்பினாள். தொண்ணூற்றிரண்டு சொற்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கேட்ட நேரத்தில் வெந்நீர் கிடைத்தது, ஜன்னல் திறந்தது, முதுகைச் சொறிந்துவிட்டார்கள். நோட்டில் இல்லாத சத்தம் ஏதாவது வந்தால் மாடத்தி காலையில் வந்து தன் வாயால் செய்து காட்டுவாள், ஆவுடை அர்த்தம் சொல்லுவாள். ஒரு வருஷம் இப்படிப் போனது. கணவனும் மனைவியும் இருநூறு அடி தூரத்தில் இருந்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மாடத்தி வந்து, "புதுசா ஒண்ணு சொல்லுதாவ டீச்சர்" என்றாள். "ஈலாம். ஈலாம்னு. சாப்பிட்டு முடிச்சதும் சொல்லுதாவ, என் மொகத்தப் பாத்து."

ஆவுடை அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். இழுத்தா சொல்கிறார், வெட்டியா? மூச்சு விட்டா? கண் எங்கே பார்க்கிறது? மாடத்தி தெரிந்தவரைக்கும் செய்து காட்டினாள். அந்த வீட்டுக்குப் போய்வந்த மற்றப் பெண்களையும் ஆவுடை கேட்டாள், அவர்களும் ஆளுக்கொரு விதமாகச் செய்து காட்டினார்கள். தண்ணீரா, இளநீரா, வலியா, இல்லை என்பதா, யாராவது ஒருவருடைய பெயரா? ஒவ்வொன்றையும் கொண்டுபோய் அவர் முன் நீட்டினார்கள். இடது கையை மெல்ல ஆட்டி அதில்லை என்றார்.

"எனக்குத் தெரியலை மாடத்தி" என்றாள் ஆவுடை ஒரு நாள். "அது நான் இல்லாதப்போ அவரு உண்டாக்கின சொல். அதுக்கு அர்த்தம் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு."

பங்குனி முதல் வாரத்தில், விடிந்து கொஞ்ச நேரத்தில், மாடத்தி அடிபம்புக்குக் குடம் இல்லாமல் வந்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆவுடை தண்ணீர்த் தொட்டியின் அருகில் நின்றாள். உயிரோடு ஒருவரை அவருடைய ஆளிடம் தூக்கிக்கொண்டு நடந்தால் வழி வேறு பக்கம் போய்விடும் என்று ஊருக்குத் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான் ஆகும், பாடை குளத்தங்கரை வழியாகப் போய்விடும், முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் சங்கு ஊதும் சத்தம் நேராக அவளை நோக்கி வந்தது. தெரு முனையில் திரும்பியது. தலைவரும் தையல்காரரும் தபால்காரரும் தோள் கொடுத்து வந்து, அவள் முன்னால் நின்று, பாடையை இறக்கினார்கள்.

பதினாலு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முகம் வழித்திருந்தது, நகம் வெட்டியிருந்தது. தலைமுடியை மட்டும் யாரோ இடது பக்கம் வகிடெடுத்துச் சீவிவிட்டிருந்தார்கள். அவள் விரலால் அதைக் கலைத்து வலது பக்கமாக ஒதுக்கிவிட்டாள். அவரைச் சோறூட்டிக் காத்த பதினோரு பெண்களும் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள், எல்லோரையும்விட மாடத்தியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. ஆவுடை அழாமல் நின்றாள். தலைவர்தான் கொள்ளிச் சட்டி எடுத்தார். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் யாரும் எங்கேயும் தவறவில்லை.

தெரு எல்லையோடு பெண்கள் திரும்பி, அடிபம்பில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு அவரவர் பாட்டுக்குக் கிளம்பினார்கள். ஆவுடையும் நடந்தாள். எந்த வீட்டுக்கென்று நினைத்து நடக்கவில்லை. அந்தப் பழக்கம் போய் வெகுநாளாகியிருந்தது. பெட்டிக்கடையைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, ஒரு திருப்பத்தில் திரும்பி, ஒரு வாசலில் நின்றாள்.

பின்னால் வந்துகொண்டிருந்த மாடத்தி அப்படியே நின்றுவிட்டாள். கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். தரை கழுவிய ஈரம் காயவில்லை. ஜன்னல் விளிம்பில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது.

"டீச்சர்" என்றாள் மாடத்தி. "ஒங்க வீடு வந்துட்டு டீச்சர். ஒங்களுக்குத் தெளிஞ்சிட்டு."

ஆவுடை வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"இல்லை மாடத்தி" என்றாள். "இது இப்ப என் வீடு இல்லை. அதான் வந்து சேந்துட்டேன்."

பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.